கவுன்டருக்குப் பின்னால் நிற்பவருக்குக் கணக்கு தெரியுமா?

பல மெடிக்கல் ஷாப்களில் மருந்தாளுநரின் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதில் இருக்கும் முகம் ஒன்று. நாம் நீட்டும் சீட்டை வாங்கிப் பார்த்து, ரேக்கிலிருந்து மருந்தை எடுத்து, அட்டையைக் கத்தரித்து, காகித உறையில் 1-0-1 என்று எழுதிக் கொடுக்கும் முகம் வேறு. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு எடுபிடியாகச் சேர்ந்தவராக இருப்பார். டப்பாக்களை அடுக்கி அடுக்கியே மருந்துப் பெயர்களைப் பழகியிருப்பார். எந்த மருந்து எந்த ரேக்கில் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். டாக்டரின் கையெழுத்தில் நமக்குக் கோழிக் கிறுக்கலாகத் தெரிவது அவருக்கு மருந்தாகத் தெரியும். இந்தத் திறமையை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் இது சரக்கு தெரிந்த திறமை. மருந்து தெரிந்த திறமை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்பவருக்கு பார்மசி டெக்னீஷியன் என்று பெயர். 1995 முதலே அவருக்கென ஒரு சான்றிதழ் வாரியம் தேர்வு நடத்தி வருகிறது. பிரிட்டனில் 2011 ஜூலை முதல், மருந்தியல் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரையே வைத்துக்கொள்ள முடியாது. நம் ஊரில் அவருக்குப் பாடமும் இல்லை, தேர்வும் இல்லை, பெயரும் இல்லை. ‘பையன்’ என்கிறோம். ஐம்பது வயதானாலும் பையன்தான்.

அவர் சட்டவிரோதமாக நிற்கிறாரா என்றால், அதற்கும் நேரடியான பதில் இல்லை. 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் தயாரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆவது விதி கொஞ்சம் இடம் விடுகிறது: மருந்தாளுநரே கொடுக்க வேண்டும், அல்லது அவருடைய நேரடிக் கண்காணிப்பில் கொடுக்க வேண்டும். அந்த ‘அல்லது’க்குள்தான் நம்முடைய உதவியாளர் காலங்காலமாகக் குடியிருக்கிறார். கண்காணிப்பவருக்கு டிப்ளமோ என்றால் 2 ஆண்டுப் படிப்பு, அதற்குமேல் 500 மணி நேர நேரடிப் பயிற்சி. கண்காணிக்கப்படுபவர் எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி ஒரு வரிகூடச் சொல்வதில்லை. மத்திய அரசின் திறன் பயிற்சிகளில் பார்மசி அசிஸ்டென்ட் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதைப் படித்திருந்தால்தான் கவுன்டரில் நிற்கலாம் என்ற கட்டாயம் இல்லை. இந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்பதும், நிரப்பும்போது முதல் பாடமாக வைக்க வேண்டியது மருந்துப் பெயர்ப் பட்டியலை அல்ல, கணக்கை என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம். மருந்து கொடுப்பதில் நடக்கக்கூடிய பெரிய தவறுகளைப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் பலவற்றின் அடியில் ஓர் எண் இருக்கும். மில்லிகிராமா மைக்ரோகிராமா, ஒரு மில்லியில் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை, எந்த பேட்ச் என்று அந்த எண்ணின் வேடம்தான் மாறும்.

வீட்டுக்கு வீடு இருக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது அளவு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். இப்போது ரேக்கைப் பாருங்கள். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் ஒன்று. அதே கம்பெனியின் அதே நிற டப்பாவில், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளது இன்னொன்று. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். ஆக 150 மில்லிகிராம் வேண்டுமென்றால் முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, மூன்றாவதில் ஒன்றரை மில்லி. போன முறை 125 வாங்கிய அம்மா இன்றைக்கு வருகிறார். அது ஸ்டாக் இல்லை. “இதுவும் அதேதாம்மா” என்று 250 கைமாறுகிறது. பெயர் அளவில் அது பொய்யும் இல்லை. வீட்டில் பழைய கணக்கிலேயே 6 மில்லி ஊற்றினால் குழந்தைக்குள் போவது 300 மில்லிகிராம். நாளைக்கு நான்கு வேளை என்றால் 1,200. அதாவது கிலோவுக்கு 120 மில்லிகிராம். கிலோவுக்கு 60 முதல் 75 வரைதான் ஒரு நாளைக்குச் சொல்லப்படும் உச்ச அளவு. அதைத் தாண்டி நாள் கணக்கில் கொடுத்தால் அடி ஈரலுக்கு. 250ஐ எடுத்துக் கொடுத்தவருக்கு மருந்தியல் பட்டம் தேவைப்படவில்லை. ஏழாம் வகுப்பு நேர்விகிதக் கணக்கை பாட்டிலின் லேபிளில் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால், “அம்மா, இது டபுள் பவர், பாதிதான் கொடுக்கணும், எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க” என்று சொல்லியிருப்பார்.

இன்சுலின் இதைவிடக் கடுமையான ஆசிரியர். நம் நாட்டில் பரவலாக விற்கும் குப்பியில் 1 மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜிலும், சில வகைக் குப்பிகளிலும் 1 மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி ஊசி உண்டு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. ஊசியில் இருக்கும் கோடுகள் அந்தந்த மருந்துக்காகப் போட்டவை. 40 யூனிட் ஊசியில் 20 என்ற கோடு அரை மில்லியைக் குறிக்கும். அதே கோடு வரை 100 யூனிட் மருந்தை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். சாப்பிடாமல் படுத்திருக்கும் முதியவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. மாறிப் போனால், அதாவது 100 யூனிட் ஊசியில் 40 யூனிட் மருந்தை 20 கோடு வரை இழுத்தால், போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டு அளவைக் கூட்டுவார்; பிறகு ஒருநாள் யாரோ சரியான ஊசியைக் கொடுத்துவிட்டால், கூட்டிய அளவு முழுதாக உள்ளே போகும். குப்பியும் ஊசியும் ஒரே கடையில், ஒரே கையிலிருந்துதான் போகின்றன. மூடியின் நிறத்தையும் குப்பியின் எண்ணையும் பொருத்திப் பார்க்க ஐந்து விநாடி போதும். ஆனால் ஏன் பொருத்த வேண்டும் என்று ஒருவராவது அந்தக் கைக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

சொல்லிக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் கொடுத்த விலை பதிவில் இருக்கிறது. 2006இல் அங்கே ஒரு மருத்துவமனையில், புற்றுநோய் சிகிச்சையின் கடைசிச் சுற்றில் இருந்த எமிலி என்ற இரண்டு வயதுக் குழந்தைக்கு மருந்து கலந்தவர் ஒரு பார்மசி டெக்னீஷியன். 0.9 சதவீத உப்புக் கரைசலில் கலக்க வேண்டியதை 23.4 சதவீதக் கரைசலில் கலந்துவிட்டார். 26 மடங்கு உப்பு. குழந்தை பிழைக்கவில்லை. சரிபார்த்து அனுப்பிய மருந்தாளுநர் உரிமத்தை இழந்து ஆறு மாதச் சிறைத் தண்டனையும் பெற்றார். டெக்னீஷியனுக்கு இவ்வளவு படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்று கேட்கும் சட்டமே அப்போது அந்த மாநிலத்தில் இல்லை. 2009இல் எமிலியின் பெயராலேயே ஒரு சட்டம் வந்து, தேர்வைக் கட்டாயமாக்கியது. இதில் கவனிக்க வேண்டியது, மருந்தாளுநர் கடையில் இல்லாததால் நடந்த விபத்து அல்ல இது. அவர் இருந்தார், கண்காணிப்பும் ஏட்டளவில் இருந்தது. கலக்கும் கைக்கு 0.9க்கும் 23.4க்கும் உள்ள தூரம் உறைக்காதபோது, மேலே ஒரு ஜோடிக் கண்ணை வைத்தது மட்டும் போதவில்லை. சதவீதம் என்பது 100 மில்லியில் எத்தனை கிராம் என்பது உடம்பில் ஊறியிருந்தால், ‘உப்புத் தண்ணீர்தானே’ என்று கை நகராது.

பெயர் தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் எந்தப் பெயர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடையில் பழகிக் கற்றவருக்குத் தெரிவது பிராண்ட் பெயர். பிராண்ட் பெயர்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே பிறக்கின்றன. ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரண்டு மலேரியா மருந்துகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒன்றில் இருப்பது ஆர்ட்டிசுனேட், மற்றதில் மெஃப்ளோகுயின். பெயர்க் குழப்பத்தை மற்ற சரக்குகளுக்குப் பார்ப்பதைவிட மருந்துக்கு இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும் என்று 2001இல் நீதிமன்றம் சொன்னது. இருந்தும் புதுப் பெயர்கள் வந்தபடியே இருக்கின்றன. இதற்கு மாற்று, உள்ளே இருக்கும் மூலப்பொருளின் பெயர். கடைக்காரர்கள் சால்ட் என்று சொல்வது அதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 1950களிலிருந்தே இந்தப் பெயர்களுக்கு ஒரு முறையை வைத்திருக்கிறது. மருந்தின் குடும்பம் அதன் வாலில் தெரியும். ‘ப்ரில்’ என்றும் ‘சார்ட்டன்’ என்றும் முடிந்தால் ரத்த அழுத்தம், ‘ஸ்டாட்டின்’ என்றால் கொழுப்பு, ‘ப்ரசோல்’ என்றால் வயிற்று அமிலம், ‘கிளிப்டின்’ என்றால் சர்க்கரை. இருபது முப்பது வால்களைப் படித்தவர், பார்த்தேயிராத பிராண்டையும் பின்பக்கம் திருப்பி எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார். தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்த பிறகு இந்த அறிவு இன்னும் அவசரமாகிவிட்டது. டாக்டர் பிராண்ட் பெயரில் எழுதுகிறார். மருந்தகத்தில் இருப்பது ஜெனரிக். நடுவில் நின்று ஒன்றை மற்றொன்றோடு பொருத்துபவருக்கு சால்ட்டும் மில்லிகிராமும் தெரியாவிட்டால், மலிவு விலை மருந்து தப்பான மருந்தாகும்.

சால்ட் தெரிந்தவரும் மறுபடி கணக்குக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமாலை நான்கு வேளை போட்டுக்கொள்பவர், “ஜலதோஷத்துக்கு ஏதாவது குடுங்க” என்று கேட்கிறார். எடுத்துக் கொடுக்கும் கூட்டு மாத்திரையிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. அது மூன்று வேளை. 2,600உம் 1,500உம் சேர்ந்தால் 4,100. வளர்ந்தவருக்கான உச்ச வரம்பு 4,000. பிராண்ட் மட்டும் தெரிந்தவருக்கு அவை இரண்டு வேறு மாத்திரைகள். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தில் இந்தக் கணக்கு இன்னும் கொடூரமானது. மூட்டுவாதத்துக்கு அதை வாரம் ஒருமுறைதான் போட வேண்டும். உறையில் வழக்கம்போல் 1-0-0 என்று எழுதிக் கொடுத்துவிட்டால், வாரத்துக்கு ஒன்று ஏழாகிவிடும். ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். பழக்கத்தில் ஓடும் பேனாவை நிறுத்துவது ஒன்றே ஒன்றுதான்: இந்த மருந்து மற்றவை மாதிரி இல்லை என்ற முன்னறிவு.

இன்னொரு எண்ணை நாம் கத்தரிக்கோலால் வெட்டி எறிகிறோம். “நாலு மாத்திரை குடுங்க” என்பது நம் வழக்கம். பத்து வாங்கக் காசு இல்லாதவர்கள் நாட்டில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் அச்சாகியிருக்கும். எதிர் ஓரத்திலிருந்து வெட்டி, எண்ணுள்ள பகுதியைக் கடையில் வைத்துக்கொண்டு, மீதியைப் பில்லோடு கொடுப்பது ஒழுங்கு. அவசரத்தில் எந்தப் பக்கமும் வெட்டுகிறார்கள், பில்லும் இல்லை. 2025 அக்டோபரில் இதன் அர்த்தம் புரிந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பின் எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருப்பதைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. அனுமதி 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் அதற்குள் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். விஷம் கடையில் கலக்கவில்லை; கடை உதவியாளர் எவ்வளவு படித்திருந்தாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் ‘இந்த பேட்சை நிறுத்து’ என்று செய்தி வரும் அந்த மணி நேரத்தில், யாருக்கு எந்த பாட்டில் போனது என்று பில்லைப் புரட்டி ஃபோன் செய்யக்கூடிய கடைக்கும், தெரியாது என்று கைவிரிக்கும் கடைக்கும் இடையில் ஒரு குழந்தை நிற்கிறது. மற்ற அடிப்படைகளையும் அதிக நேரமில்லாமல் கற்றுவிடலாம்: 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டியவை எவை, உறைந்துபோன இன்சுலினை ஏன் விற்கக் கூடாது, எச்1 பட்டியல் மருந்துக்குத் தனிப் பதிவேட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எழுதி மூன்றாண்டு வைத்திருப்பது போன்றவை. இவற்றுக்கு ஒழுங்கு போதும். யோசனை அதிகம் வேண்டாம்.

எதிர்ப்புகளுக்கு வருவோம். மருந்தாளுநர் சங்கங்கள் முதலில் சொல்வது: சட்டம் ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது, அதை அமல்படுத்துங்கள், இரண்டாம் தரப் படிப்பு எதற்கு? டிப்ளமோ படித்து வேலையில்லாமல் இருப்பவர்கள் சொல்லும்போது இதில் வலியும் இருக்கிறது. ஆனால் அவர்கள் வேலையைத் தின்றது உதவியாளர் அல்ல. சான்றிதழை மட்டும் மாத வாடகைக்கு வாங்கிச் சுவரில் மாட்டும் வழக்கம்தான். அதை ஒழித்தாக வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஒழித்த பிறகும், மாலை ஏழு மணிக் கூட்டத்தில் ஒரே மருந்தாளுநர் இருபது சீட்டுக்கும் தானே ஓடி ஓடி மருந்து எடுக்க முடியாது. எடுக்கும் கைகள் இருக்கத்தான் செய்யும். அந்தக் கைகளுக்குப் பயிற்சி கொடுப்பதால் மருந்தாளுநருக்குச் சரிபார்க்கவும் நோயாளியிடம் பேசவும் நேரம் கிடைக்கும். இருந்தாலும் அவர்களுடைய பயம் வெறும் பயம் என்று நான் தள்ள மாட்டேன். டெக்னீஷியன் கிடைத்தால் மருந்தாளுநரையே விட்டுவிடலாம் என்று கணக்குப் போடும் முதலாளிகள் இருப்பார்கள். எனவே, மருந்தாளுநர் கடையில் இல்லாத நேரத்தில் உதவியாளரின் பதிவு செல்லாது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு டாக்டர்களிடமிருந்து வருவது: அரைகுறை அறிவு ஆபத்து, நாலு வார்த்தை படித்தவுடன் பையன் வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிடுவான். இப்போது மட்டும் பார்க்காமலா இருக்கிறான்? வயிற்றுப்போக்கு என்று சொன்னால் ஆன்டிபயாடிக் அட்டை கைக்கு வரும் கடைகள் எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே இயங்குகின்றன. நல்ல பயிற்சி எதைச் செய்யலாம் என்பதைவிட எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லும். அமெரிக்கத் தேர்வில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கேள்விகள் நோயாளியின் பாதுகாப்பைப் பற்றியவை. நோயாளிக்கு ஆலோசனை சொல்வது அங்கே டெக்னீஷியனின் வேலை இல்லை; சந்தேகம் வந்தால் மருந்தாளுநரைக் கூப்பிட வேண்டும். சான்றிதழ் வாங்கியவர் தப்பே செய்ய மாட்டார் என்று அங்கேயும் யாரும் சொல்வதில்லை. சந்தேகப்படத் தெரிந்தவர் நிறுத்துவார் என்பதுதான் எதிர்பார்ப்பு. எதையும் படிக்காதவருக்குச் சந்தேகமே வராது.

கம்ப்யூட்டர் இருக்கும்போது கணக்கு எதற்கு என்பது மூன்றாவது. பில் போடும் மென்பொருள் ஸ்டாக், விலை, எக்ஸ்பயரி எல்லாம் சொல்லும். 2023 ஆகஸ்ட் முதல் 300 முன்னணி பிராண்டுகளின் அட்டையில் கியூஆர் கோடும் வந்துவிட்டது. ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளரும் பேட்சும் தெரியும். நல்லதுதான். ஆனால் முதல் மூன்று எழுத்தைத் தட்டியதும் பெயர்களை வரிசையாகக் காட்டி, ஒரு வரி தள்ளித் தேர்வு செய்ய வைப்பதும் அதே மென்பொருள்தான். குழந்தையின் எடை என்னவென்று அது கேட்காது. ஊசியின் மூடி என்ன நிறம் என்று பார்க்காது.

கடைசியாக, கடை முதலாளிகளின் கேள்வி: விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடையின் லாபம் 16 சதவீதம் என்று அரசே கட்டிப்போட்டிருக்கிறது, சான்றிதழ் வாங்கியவன் சம்பளம் கூடக் கேட்பான், எங்கே போவது? கேட்பான், கேட்கவும் வேண்டும். அதே தெருவில் 20 சதவீதத் தள்ளுபடி என்று பலகை வைக்க முடிகிற கடைகளுக்கு இந்தச் செலவு தாங்காது என்பதை நம்புவது கடினம். சின்னக் கடைகளின் நிலை வேறு. அவர்களுக்கு, கடையில் வேலை பார்த்துக்கொண்டே வாரத்தில் ஒரு நாள் படிக்கும்படி மூன்று மாதப் பயிற்சியை, பக்கத்து ஊர் பார்மசி கல்லூரியில் கட்டணமில்லாமல் வைக்கலாம்; ஏற்கெனவே அனுபவம் உள்ளவர் நேராகத் தேர்வு எழுதலாம். எல்லாக் கடைகளுக்கும் ஒரே நாளில் கட்டாயமாக்கினால் நீதிமன்றத் தடையில் போய் முடியும். அரசு தன் கையில் இருப்பதிலிருந்து தொடங்கலாம். முதல்வர் மருந்தகங்களில் ஏறத்தாழப் பாதி கூட்டுறவு சங்கங்கள் நடத்துபவை. மீதியைத் தொடங்கிய தனியார் அரசிடம் மானியம் வாங்கியவர்கள். கூட்டுறவுக் கடைகளின் உதவியாளர்களைப் பயிற்சிக்கு அனுப்ப ஒரு சுற்றறிக்கை போதும். தனியாருக்கு மானியத்தோடு ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். சட்டசபை கூட வேண்டியதில்லை.